மக்காச்சோளம், சுண்ணாம்பு, செண்டுமல்லி: பிள்ளைகளோடு செய்து பார்த்த மெக்சிகோ

வேறொரு நாட்டின் பண்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று நம் பக்கம் நடப்பது பெரும்பாலும் மாறுவேடப் போட்டிதான். மெக்சிகோ என்றால் அட்டையில் செய்த பெரிய தொப்பி, கண்மையால் வரைந்த மீசை, தோளில் அம்மாவின் பழைய போர்வை. மேடையில் ஒரு நிமிடம், கைதட்டல், ஒரு பிளாஸ்டிக் டப்பா பரிசு. வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்கு நினைவிருப்பது மீசை அரித்தது மட்டும்தான்.

எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லா உயரத்திலும் இருப்பார்கள். அக்டோபர் மாதம் முழுக்க ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம், அதிலும் நாலைந்து காரியங்களை மட்டும் செய்வோம், ஆனால் எதைச் செய்தாலும் அந்த ஊர்க்காரர்கள் செய்கிற மாதிரி தொடக்கத்திலிருந்து கடைசி வரை செய்வோம் என்று வைத்துக்கொண்டோம். ஊறப்போட்டுக் காத்திருப்பது, கழுவுவது, தேய்ப்பது போன்ற சலிப்பான வேலைகளும் அதில் சேர்த்திதான். ஒரு ஊர் எதற்காக இப்படிச் செய்கிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தச் சலிப்பான வேலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பெரியவர்கள் முடித்துவைத்துவிட்டு, அலங்காரத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தால் அது கைவேலை வகுப்பு, அவ்வளவே.

ஏன் மெக்சிகோ? முதல் காரணம், சாமானெல்லாம் திண்டுக்கல்லிலேயே கிடைக்கும். மிளகாய், தக்காளி, பப்பாளி, சப்போட்டா, மக்காச்சோளம், செண்டுமல்லி எல்லாமே மெக்சிகோவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மனிதர் கைப்பட்டு வளர்ந்து, ஐநூறு ஆண்டுகளுக்குள் கப்பலேறி இங்கே வந்தவை. இரண்டாவது காரணம் நவம்பர் 2. அன்று மெக்சிகோவில் இறந்தவர்களை வரவேற்கும் நாள். எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள். பக்கத்துத் தெருவில் பாதிப் பேர் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குக் கிளம்பும் அதே நாள். கத்தோலிக்கச் சபையின் நாட்காட்டி இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே.

எண்களிலிருந்து ஆரம்பித்தோம், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மாயா மக்களின் எண்முறைக்கு மூன்றே குறிகள் போதும். புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5, சிப்பி வடிவம் என்றால் 0. புளியங்கொட்டை, தென்னை ஈர்க்குச்சி, சோழி மூன்றும் ஆளுக்கு ஒரு கிண்ணம். நாம் பத்துப் பத்தாக ஏறுகிறோம், அவர்கள் இருபது இருபதாக ஏறுவார்கள். இடத்தைப் பக்கவாட்டில் வைக்காமல் கீழிருந்து மேலே அடுக்குவார்கள். 20 எழுத வேண்டுமானால் கீழே ஒரு சோழி, அதற்கு மேலே ஒரு புளியங்கொட்டை. ஆச்சியின் வயது 64 என்றால் மேலே மூன்று கொட்டை, கீழே நான்கு கொட்டை. 365 என்பதற்கு மேலே மூன்று ஈர்க்குச்சியும் மூன்று கொட்டையும், கீழே ஒரே ஒரு ஈர்க்குச்சி. பெரிய பிள்ளைகள் தாங்களாகவே கூட்டல் கண்டுபிடித்துவிட்டார்கள்: இரண்டு குவியலையும் ஒன்றாகத் தள்ளி, ஐந்து கொட்டை சேர்ந்தால் ஒரு குச்சியாக மாற்றி, நான்கு குச்சி சேர்ந்தால் அதை எடுத்துவிட்டு மேல் தட்டில் ஒரு கொட்டை வைக்க வேண்டியதுதான். பெருக்கல் வாய்ப்பாட்டைக் கண்டால் ஓடுகிற ஒருத்தி அன்று கிளம்பவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அங்கேயே ஒன்றைச் சொல்லிவிட்டேன். மாயா மக்கள் என்றதும் காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பிரமிடும், அழிந்துபோன இனம் என்ற கதையும்தான் பிள்ளைகள் பார்க்கிற யூடியூப் காணொளிகளில் வருகிறது. அவர்கள் அழியவில்லை. மெக்சிகோவின் யுகாத்தான், சியாப்பாஸ் பக்கமும் பக்கத்து நாடான குவாத்தமாலாவிலும் மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு, செல்போன் வைத்துக்கொண்டு, பேருந்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மெக்சிகோ அரசின் கணக்கில் அந்நாட்டின் பூர்வகுடி மொழிகள் மட்டும் 68. எல்லாரும் ஸ்பானிஷ் மட்டுமே பேசுவார்கள் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

அப்புறம் சோளம், அதாவது மக்காச்சோளம். இந்தத் திட்டத்தின் உயிரே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

மெக்சிகோக்காரர்களின் அன்றாட ரொட்டியான டோர்டியாவைச் சோள மாவில் தட்டும் சப்பாத்தி என்று நினைத்துக்கொண்டு கடையில் மக்காச்சோள மாவு வாங்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டவே ஒட்டாது. வேண்டுமென்றே முதலில் அதைத்தான் பிள்ளைகளைச் செய்யச் சொன்னேன். தட்டத் தட்ட ஓரமெல்லாம் வெடித்து உதிர்ந்தது. கோதுமையில் இருக்கும் பசை சோளத்தில் கிடையாது. அப்படியிருக்க அங்கே எப்படித் தட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியோடு அன்றைக்கு அனுப்பிவிட்டேன். பதில் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சுண்ணாம்புதான் பதில். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். அப்படி வெந்து ஊறிய சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர், அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பின் காரம் சோளத்தின் மேல்தோலைக் கரைத்து உரிய வைக்கிறது, மாவுக்குப் பிடிமானம் தருகிறது, கால்சியமும் சேர்க்கிறது. இதையெல்லாம்விட முக்கியமானது, சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி அவிழ்த்துவிடுகிறது.

மக்காச்சோளம் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் படுகையில் ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்ட்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து மெல்ல மெல்ல உருவாக்கப்பட்ட பயிர். அதை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனவர்கள் விதையை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவாக, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருத்து உரிந்து, வயிறு கெட்டு, மூளை கலங்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் இதனால் இறந்தார்கள். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் பாடுபட்டு நிறுவினார். குறைவது நியாசின் என்பது 1937க்குப் பிறகுதான் தெளிவானது. சுண்ணாம்புப் பானையை விடாமல் வைத்திருந்த மெக்சிகோ கிராமங்களில் இந்த நோய் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்ப அந்தப் பாட்டிங்களுக்கு வைட்டமின் தெரியுமாக்கா?” என்றான். வைட்டமின் என்ற பெயர் தெரியாது, எப்படிச் சமைத்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரியும் என்றேன்.

சரி, செய்முறை. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், முழு மணியாக. ஸ்வீட் கார்ன் வேண்டவே வேண்டாம், அதில் சர்க்கரைதான் அதிகம், மாவே தேறாது. பாப்கார்ன் சோளமும் வேண்டாம். விதைக்கடையில் இளஞ்சிவப்பாக இருப்பது மருந்து கலந்த விதை, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. மாட்டுத் தீவனக் கடைச் சோளமும் வேண்டாம், பூசணம் பிடித்திருக்கலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் விளைவிக்கிற ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கி, சொத்தையைப் பொறுக்கி எடுத்தோம். பொறுக்கியது பிள்ளைகள்தான். முறத்தில் புடைக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பதால் கீழ்வீட்டு ஆச்சி வந்து கற்றுக்கொடுத்தார், அது தனிக் கதை.

சுண்ணாம்பு எடைக்கு நூற்றுக்கு ஒன்று போதும். ஒரு கிலோவுக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம். வெற்றிலைக்குத் தடவும் ஈரச் சுண்ணாம்பு என்றால் ஒரு மேசைக்கரண்டி, அதுவும் மணமோ நிறமோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு. சுவருக்கு அடிப்பது கூடாது. நீற்றாத சுண்ணாம்புக் கல்லையும் தொட வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்; சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பாத்திரம் எவர்சில்வர் அல்லது மண்சட்டி. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும்.

மூன்று லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தைக் கொட்டி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வேகாமல் இருக்க வேண்டும். அப்படியே மூடி இரவு முழுக்க வைத்துவிட வேண்டியதுதான். காலையில் தண்ணீர் மஞ்சளாகக் குழகுழவென்று, ஈரமண் மாதிரி ஒரு வாசனையோடு இருக்கும். பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், போகப்போகச் சரியாகிவிடும்.

கழுவும்போதுதான் மஞ்சள்தூளை வெளியே எடுத்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அரைச் சிட்டிகை மஞ்சளைப் போட்டால் சட்டென்று சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். ஒவ்வொரு முறை கழுவியதும் ஒரு கரண்டி எடுத்துச் சோதித்தோம். முதல் தண்ணீர் ரத்தச் சிவப்பு, அடுத்தது செங்கல் நிறம், அதற்கடுத்தது ஆரஞ்சு, இப்படி இறங்கிக்கொண்டே போய் மஞ்சள் மஞ்சளாகவே நின்றதும் கழுவுவதை நிறுத்தினோம். மெக்சிகோ சமையலறையில் மஞ்சள் வைத்துப் பார்க்க மாட்டார்கள், இது நம் வசதிக்கு நாம் சேர்த்தது. அவர்கள் கைப்பழக்கத்திலேயே அறிவார்கள். ஆனால் கழுவுகிற வேலையில் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தது அந்த நிறம்தான்.

அரைப்பது. அங்கே மெத்தாத்தே என்ற மூன்று கால் வைத்த எரிமலைக் கல், சரிவாக இருக்கும். பெண்கள் முழங்காலிட்டு, குழவியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். நம் அம்மியின் உறவுக்காரக் கல் என்று பார்த்ததுமே தெரியும். ஆளுக்கு ஒரு பிடி அம்மியில் அரைக்க வைத்தேன். ஒரு பிடி நைசாவதற்குள் தோள் விட்டுப்போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவு அரைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். அப்படி அரைத்துக்கொண்டே இருந்தது யார், பள்ளிக்கூடம் போனது யார் என்று பேச்சு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. மீதியைக் கிரைண்டரில் போட்டோம். இட்லிக்கு விடுகிற மாதிரி தண்ணீர் விடக் கூடாது, கல் சுற்றுகிற அளவுக்குத் தெளித்தால் போதும். கூடிப்போனால் காய்ந்த மக்காச்சோள மாவு கொஞ்சம் சேர்த்துச் சரிக்கட்டலாம். ஒரு கிலோ சோளத்துக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மாவு வரும். உருட்டி அமுக்கினால் ஓரம் வெடிக்கக் கூடாது. போன வாரம் உதிர்ந்த மாவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமுக்கச் சொன்னேன், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணெய்க் கவரை வெட்டி இரண்டு தாளாக்கி நடுவில் உருண்டையை வைத்து, கனமான தட்டால் ஒரே அமுக்கு. அங்கே தோசைக்கல்லின் வேலையைச் செய்வது கொமால். நல்ல சூட்டில் முதல் பக்கம் கால் நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பி எழும். எல்லாம் எழாது. எழுந்தது யாருடையது என்பதில் பெரிய சண்டை. தொட்டுக்கொள்ள, தக்காளி, பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டு நாலையும் எண்ணெயில்லாமல் கல்லில் கருகச் சுட்டு, உப்போடு அம்மியில் நசுக்கிய சல்சா. நம் வீட்டுச் சட்னிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ருசி என்பதால் தட்டு காலி. மீந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, வெல்லமும் பட்டையும் போட்டுக் காய்ச்சினால் அத்தோலே. அங்கேயும் இதே மாதிரி கரும்பு வெல்லம்தான் போடுகிறார்கள். பட்டைகூட இலங்கையிலிருந்து போகிறது. இலங்கைப் பட்டையை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று.

அந்தப் பக்கம் போனது பட்டை மட்டுமில்லை. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன, ஆசியச் சரக்கெல்லாம் அதில் போனது. மாம்பழமும் புளியும் இன்றைக்கு மெக்சிகோக்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பொருள். புளி, சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்த மிட்டாய் அங்கே தெருவெல்லாம் கிடைக்கும். அதைப் பிள்ளைகள் செய்து முடிக்க ஆன நேரத்தைவிடத் தின்று முடிக்க ஆன நேரம் குறைவு.

அடுத்து தாள் வேலை, பாப்பெல் பிக்காதோ. தெருவுக்குக் குறுக்கே கட்டும் வண்ணத் தாள் தோரணம், ஆனால் தாளில் சன்னமான உருவங்கள் வெட்டியிருக்கும். புயெப்லா மாநிலத்தில் ஹுயிஷ்கொலோத்லா என்ற ஊர் இதற்குப் பெயர்போனது. ஐம்பது தாள்வரை அடுக்கி, அடியில் ஈயத் தகடு, மேலே வரைபடம், விதவிதமான உளி, ஒரு சுத்தியல். கத்தரியே கிடையாது. இணையத்தில் பிள்ளைகளுக்கென்று காட்டுவதெல்லாம் மடித்துக் கத்தரியால் வெட்டுவதுதான். சின்னவர்களுக்கு அது சரி. ஐந்தாம் வகுப்புக்கு மேலே இருப்பவர்களுக்கு உளியைக் கொடுத்தேன், இரண்டு பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, ஒருநேரத்தில் ஒருவருக்கு மட்டும்.

காத்தாடிப் பேப்பர் எட்டு அடுக்கி, நான்கு ஓரமும் ஸ்டேப்ளர் அடித்தோம். ஈயம் நஞ்சு, அதைப் பிள்ளைகளிடம் கொடுப்பதாக இல்லை. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை மரக்கட்டை மேல் ஒட்டி அடிக்கல்லாக வைத்தோம், நன்றாகவே தாங்கியது. தச்சரிடம் இரவல் வாங்கிய கால் அங்குல உளி, அரை அங்குல உளி, கொட்டாப்புளி, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய ஓட்டை போடும் பஞ்ச். உளி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும், மொண்ணை உளி தாளை வெட்டாமல் இழுத்துக் கிழிக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய சூட்சுமம் ஒன்றே ஒன்று: வெட்டாமல் விட்ட பகுதியெல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பறவையின் கண்ணை வெட்டலாம், கண்ணைச் சுற்றி முழு வட்டமாக வெட்டினால் கண்ணே கீழே விழுந்துவிடும். அதனால்தான் அங்கே பின்னணி முழுக்க வலை மாதிரி சின்னச் சின்னக் கட்டம் வெட்டி, உருவத்தை அந்த வலையில் நிறுத்துகிறார்கள். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய பெண் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. மேல் ஓரத்தை ஒரு அங்குலம் சணலின் மேல் மடித்து மைதாப் பசையால் ஒட்டினால் தோரணம் தயார்.

இறந்தோர் நாளுக்கு வருவதற்கு முன் பெற்றோர் சிலர் வந்தார்கள். “வீட்டுல யாரும் சாகாம படையல் வைக்கிறதா?” என்று ஒருவர் கேட்டார். “மண்டை ஓடெல்லாம் வேண்டாமே, ராத்திரி பயப்படுவாள்” என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கவலைதான். இதை ஹாலோவீன் பேய்விழாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. மெக்சிகோவில் இது பயமுறுத்தும் விழா இல்லை, விருந்தாளிக்குக் காத்திருக்கும் நாள். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2008இல் சேர்ந்தது. அதே சமயம், மெக்சிகோ நகரத்தில் நடக்கும் பிரம்மாண்ட ஊர்வலம் பழைய வழக்கம் கிடையாது. 2015இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனையாக எடுத்த காட்சியைப் பார்த்த பிறகு 2016இல் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். பண்பாடு என்றாலே ஆயிரம் வருஷப் பழசு என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த மாதிரி ஒன்றும் தெரிந்திருப்பது நல்லது.

அங்கே வீட்டில் அமைக்கும் படையல் மேசைக்கு ஒஃப்ரெண்டா என்று பெயர். இறந்தவரின் படம், நடந்து வந்த களைப்புக்கு ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, அவருக்குப் பிடித்த சாப்பாடு, பாப்பெல் பிக்காதோ, கொபால் என்ற மரப்பிசின் புகை. கொபால் என்றதும் அந்தப் பெயருள்ள பையனைப் பார்த்து எல்லாரும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. வாசலிலிருந்து மேசை வரைக்கும் செண்டுமல்லி இதழைப் பாதையாகத் தூவுவார்கள். செம்பசூச்சில் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பூவின் கடும் வாசனையும் நிறமும் வழிகாட்டும் என்பது நம்பிக்கை. தாளைக் காற்றுக்கும், தம்ளரை நீருக்கும், மெழுகுவத்தியை நெருப்புக்கும், விளைச்சலை மண்ணுக்கும் சேர்த்துச் சொல்வதுண்டு.

படையல் என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மகாளய அமாவாசைக்குத் தாத்தாவுக்கு என்ன வைப்பார்கள் என்று ஒருவன் சொல்ல, கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இன்னொருத்தி சொன்னாள். நான் சொல்ல வேண்டியதாக இருந்தது வேற்றுமையைத்தான். நம் வீட்டில் படைக்க மந்திரமோ முறையோ தெரிந்த பெரியவர் வேண்டும்; அங்கே மேசையை அடுக்குவதில் சின்னப் பிள்ளைக்கும் வேலை உண்டு, கல்லறையில் பாட்டுக் கச்சேரிகூட நடக்கும். ‘அதுவும் நம்மைப் போலத்தான்’ என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்தால் மெக்சிகோவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

யாருக்கு வைப்பது? சொந்த வீட்டு இறப்பை மாடிக்குக் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்மையில் பாட்டியை இழந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். அங்கே சில ஆண்டுகளாக அக்டோபர் 27ஆம் தேதி செல்லப்பிராணிகளுக்கும் வைக்கிறார்கள் என்று சொன்னதும் முடிவாகிவிட்டது. தெருவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்து செத்துப்போன மணி என்ற நாய்க்குத்தான். போன் ஒன்றில் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. பன் ரொட்டி, டைகர் பிஸ்கட், கறிக்கடைக்காரர் கொடுத்த எலும்பு, ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர், கிழிந்த ஒற்றைச் செருப்பு. செருப்பு எதற்கு என்று கேட்டேன். அதைத்தான் கடிக்கப் பிடிக்கும் என்றார்கள். ஒஃப்ரெண்டாவின் முழு இலக்கணமும் அந்தச் செருப்பில் வந்துவிட்டது. பாட்டியை இழந்தவள் கடைசியில் யாரும் சொல்லாமலேயே ஒரு வெற்றிலையைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தாள், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நிலக்கோட்டைச் சந்தைப் பூவை முதல் நாளே வாங்கிவிடுங்கள், கல்லறைத் திருநாள் காலையில் விலை ஏறிவிடும். இரண்டு கிலோ பூவின் இதழ் படிக்கட்டு முழுக்கப் போதும். கொபாலுக்குப் பதில் சாம்பிராணி போட்டோம், வாசனை வேறு, வேலை ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் துள்ளியது கலவெரீத்தா பாட்டுக்குத்தான். உயிரோடு இருப்பவர் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு அவரைக் கேலி செய்து எழுதும் குறும்பாட்டு. மெக்சிகோவில் இந்த நாட்களில் பத்திரிகைகளே அரசியல்வாதிகளை வைத்து எழுதும். ஹொசே குவதலூப்பே பொசாதா (1852–1913) செதுக்கிய எலும்புக்கூட்டுச் சித்திரங்கள் இப்படிப்பட்ட கேலிப் பாட்டுத் தாள்களில் அச்சானவைதான். இன்று எங்கும் தென்படும் பெரிய தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டியும் அவர் கைவேலையே. அதைக் காட்டிய பிறகு மண்டை ஓட்டைப் பற்றிய பயம் போய், எல்லாரும் எழுத உட்கார்ந்தார்கள். விதி இரண்டே: உடம்பைக் கேலி செய்யக் கூடாது, சாதி வீடு வாசல் எதுவும் வரக் கூடாது. என்னை வைத்துப் பிள்ளைகள் எழுதியது இது:

கத்தரி எங்கே பசை எங்கேன்னு
கத்திக் கத்தியே போனாங்க அக்கா;
எமன் வந்து கையைப் பிடிச்சா
“கை கழுவுனியா?”ன்னு கேட்டாங்க அக்கா.

லொத்தெரியா விளையாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 54 படச் சீட்டு, பதினாறு கட்டம் போட்ட அட்டை, ஒருவர் சீட்டை எடுத்து விடுகதை மாதிரி எடுத்துவிட, மற்றவர்கள் காய்ந்த பீன்ஸ் விதையால் மறைப்பது. தம்போலா ஆடியவர்களுக்குத் தெரிந்ததுதான். எண்ணுக்குப் பதில் படம் என்பதால் படிக்கத் தெரியாத தம்பி தங்கைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். சீட்டைப் பிள்ளைகளே வரையட்டும், 54 வரைய முடியாது, 30 போதும்.

இப்போது எல்லாரும் பின்யாத்தா, அதாவது உள்ளே தின்பண்டம் வைத்துத் தொங்கவிடும் தாள் கூடு, வேண்டும் என்று பிடிவாதம். டிசம்பர் 16 முதல் 24 வரை அங்கே லாஸ் பொசாதாஸ் என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய விழாவைக் கொண்டாடுவார்கள், அப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்து உடைப்பது. பழைய வகை, மண்பானையைச் சுற்றித் தாள் ஒட்டி ஏழு கூம்பு வைத்த நட்சத்திரம். உறியடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆட்டம் விளங்கும், ஆனால் மாடித் தளத்தில் பானைச் சில்லு காலைக் கிழித்துவிடும் என்பதால் பலூன் மேல் செய்தித்தாள் ஒட்டிக் காயவைத்த கூடுதான் செய்யப்போகிறோம். உள்ளே நிலக்கடலையும் புளி மிட்டாயும். ஏழு கூம்புக்குக் கெட்டி அட்டை தேவைப்படுகிறது, வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை சேர்த்து வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சாமி படம் போட்டது வேண்டாம், அதை அடித்து உடைக்க ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.